அறுபத்திரண்டு கையெழுத்து

தர்மராஜ் பெரிய முடிவுகளை எல்லாம் பஸ்ஸில்தான் எடுப்பார். வீட்டில் எடுக்க வசதி இல்லை. அங்கே அவர் போய்ச் சேருவதற்கு முன்பே எடுத்து வைத்திருப்பார்கள்.

அன்றைக்குக் கம்மாபுரத்திலிருந்து விருத்தாசலம் வரும் பஸ்ஸில், ஜன்னல் ஓரத்தில், மடியில் வழவழப்பான ஒரு ஃபைலை வைத்துக்கொண்டு அவர் எடுத்த முடிவு அவருடைய ஐம்பத்து நான்கு வயதுக்குமே பெரியது. பீங்கான் நகருக்கு இன்டர்நெட் கொண்டுவரப் போகிறார். ஃபைல் கம்மாபுரத்தில் நடந்த அரசாங்கக் கூட்டத்தில் கொடுத்தது. வயிற்றில் இருந்த இரண்டு சமோசாவும் கூட்டத்தில் கொடுத்ததுதான். அரசாங்கத்தின் சமோசாவைத் தின்றவனுக்கு நாட்டின் மேல் கொஞ்சம் பொறுப்பு வரத்தான் செய்யும்.

பீங்கான் நகர் என்பது டவுன் முடிந்து ஊராட்சி ஆரம்பிக்கிற இடத்தில், செராமிக் கம்பெனிகளுக்குப் பின்னால் இருக்கிற எழுபது வீடு. செல்போனில் பேச வேண்டுமானால் மொட்டை மாடிக்கு ஏற வேண்டும். வாட்ஸப்பில் படம் வர வேண்டுமானால் அங்கிருந்து தண்ணீர் டேங்க் மேல் ஏற வேண்டும். வீடியோ கால் பேசியவர்கள் யாரும் அந்தத் தெருவில் இல்லை. ஒருவர் முயற்சி செய்து காலை உடைத்துக்கொண்டார்.

தர்மராஜ் அங்கே இருபது வருஷமாகக் கேபிள் டி.வி. நடத்துகிறார். நடத்துகிறார் என்று அவர் சொல்வார். ஏணியும் கையுமாக ஒரு காலத்தில் ஓடியது உண்மை. இப்போது ஏணி மாட்டுக் கொட்டகையில் சாய்ந்திருக்கிறது, இவர் ஈசிச்சேரில் சாய்ந்திருக்கிறார். கொஞ்சம் பணம் பேங்கில் டெபாசிட்டாகக் கிடந்தது. அதை எடுத்து உருப்படியாக ஏதாவது செய்யுங்கள் என்று அம்சவல்லி இரண்டு வருஷமாகச் சொல்லிப் பார்த்துவிட்டாள். அவர் அசையவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"அம்சா, அரசாங்கம் என்னைக் கூப்பிட்டிருக்குது."

அம்சவல்லி செராமிக் கம்பெனியில் பொம்மைக்கு விளிம்பு தேய்க்கிற வேலை முடித்து, வந்த கையோடு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஐயையோ. என்னா பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல. இனிமேதான் பண்ணப் போறேன். ஊராட்சி ஆபீஸு வரைக்கும் ஃபைபர் கம்பிய அரசாங்கமே கொண்டாந்து வச்சிருக்குது. அங்கேருந்து வூடு வூடா இழுக்கறதுக்கு என்ன மாதிரி ஆளுங்க பணம் போடணும். போட்டா மானியம். கம்பம் நட உடனே பர்மிஷன். அரசாங்கம் பாதி வழி வரும், தனியார் மீதி வழி போவணும்."

"பாதி வழி வந்து நிக்கறது அதுக்குப் பழக்கந்தான. நம்ப தெரு ரோடு மாதிரி."

"தனியார் முதலீட்ட ஊக்குவிக்கிறாங்க அம்சா!"

"உங்கள ஊக்குவிச்சி மொதல்ல ஒரு பால் பாக்கெட்டு வாங்கியாரச் சொல்லுங்க பாப்போம்."

தர்மராஜ் அதைக் காதில் வாங்கவில்லை. இருபது வருஷமாக நிறைய விஷயங்களை அவர் காதில் வாங்குவதில்லை.

"கூட்டத்துல அந்த ஆபீசர் எப்படிப் பேசினாரு தெரியுமா? பணம் வச்சிருக்கறவன் ஏன் பணம் போட மாட்டேங்கறான்? பயம். கம்பி இழுத்தப்பறம் ஒருத்தரும் சேரலன்னா? அதனால அரசாங்கம் என்னா பண்ணணும்? மொதல்ல ஆளுங்க இருக்காங்கன்னு காட்டணும். அறுபது வூட்டுல சம்மதக் கையெழுத்து. அத அவன் கண்ணு முன்னாடி வச்சிட்டா போதும், முதலாளி தானா வந்து விழுவான்னாரு."

வெங்காயம் உரித்த கை நின்றது.

"தானா வந்து விழுவானா?"

"விழுவான்."

"அப்படியா" என்றாள் அம்சவல்லி. மறுபடி உரிக்க ஆரம்பித்தாள்.

மறுநாளே தர்மராஜ் டெபாசிட்டில் கொஞ்சம் உடைத்தார். வாசலைப் பார்த்த முன் ரூமுக்கு வெளிர் நீலத்தில் பெயின்ட் அடித்தார். சக்கரம் வைத்த சுழல் நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டார். அதில் உட்கார்ந்து இடப்பக்கம் மூன்று சுற்று, வலப்பக்கம் மூன்று சுற்று சுற்றிப் பார்த்தார். தலை சுற்றியது. நிர்வாக இயக்குநர்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு கையெழுத்து வாங்கக் கிளம்பினார். முதல் வீடு எதிர்வீடு. செல்வநாயகி அம்மாள், அறுபது வயது, தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு என்று மூடியைத் திறக்காமலே சொல்லக்கூடியவர்.

"அக்கா, ஒரே ஒரு கையெழுத்து."

"என்னாத்துக்கு?"

"தெருவுக்கு நெட்டு வருது. நான்தான் குடுக்கறேன்."

"நீயா?" செல்வநாயகி அவரை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். "தர்மராசு, போன கரும்பு சீசன்ல பெண்ணாடம் மில்லுக்குப் போன டிராக்டர் உன் கேபிள அறுத்துக்கினு போச்சே, எத்தினி நாள் கழிச்சி வந்து கட்டுன?"

"பதினோரு நாள் அக்கா. லைன்மேன் லீவுல இருந்தான்."

"லைன்மேன் யாரு?"

"நான்தான்."

"அதான் கேட்டேன்."

"அக்கா, அது கேபிளு. இது ஃபைபரு. ரெண்டும் வேற வேற."

"டிராக்டரு ஒண்ணுதான?"

கதவு சாத்தப்பட்டது. மரியாதையாகத்தான் சாத்தினார், கடைசி வரை சிரித்துக்கொண்டே சாத்தினார்.

இரண்டு நாள் அலைந்து தர்மராஜ் சேர்த்தது மூன்று கையெழுத்து. ஒன்று அவருடையது. இன்னொன்று அவர் இடது கையால் போட்டது. மூன்றாவது பழமலை என்பவருடையது. அவர் பீங்கான் நகருக்கு அன்று காலையில்தான் குடி வந்திருந்தார். கடைசித் தேதிக்கு இன்னும் ஒரு வாரமே இருந்தது. கம்மாபுரம் கூட்டத்துக்கு வந்த வேறு இரண்டு பேர் தங்கள் ஊரில் அறுபதைத் தாண்டிவிட்டதாகச் செய்தி வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தால் இப்போது சுற்றாமலே தலை சுற்றியது.

அப்போதுதான் டி.வி. ஸ்டாண்டின் மேல் அந்தப் பிளாஸ்டிக் கவர் கண்ணில் பட்டது.

அது அம்சவல்லியின் மனு. பீங்கான் நகர்ப் பெண்களுக்கு ரேஷன் கடை மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. போனால் அரை நாள் கூலி போச்சு. போன இடத்தில் விரல் வைக்கிற மெஷின் இவர்கள் விரலை ஒப்புக்கொள்ளாது. வருஷக்கணக்காகப் பீங்கான் தேய்த்ததில் ரேகையும் சேர்ந்து தேய்ந்திருந்தது. பத்துத் தடவை வைத்தால் ஒரு தடவை ஏறும். அந்த ஒரு தடவை சிக்னல் போய்விடும். 'எங்கள் தெருவுக்குப் பகுதி நேர ரேஷன் கடை வேண்டும்' என்று அம்சவல்லி வேலை முடிந்த சாயங்காலங்களில் பதினெட்டு நாள் நடந்து அறுபத்திரண்டு வீட்டில் கையெழுத்து வாங்கியிருந்தாள். வழங்கல் ஆபீஸில் கடைக்குக் கட்டடம் இல்லை, மெஷினுக்கு நெட் இல்லை என்று இரண்டு காரணம் சொன்னார்கள் என்பதையும் வீட்டில் சொன்னாள். தர்மராஜ் அப்போது கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

மனு எழுதுகிற வழக்கம் நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். கையெழுத்துத் தாளைத் தனியாக வாங்கிவிடுவார்கள். என்ன கேட்கிறோம் என்கிற முதல் பக்கத்தை அப்புறம் சாவகாசமாக டைப் அடித்து மேலே சேர்த்துப் பின் குத்துவார்கள். ஆகவே கவருக்குள் இருந்தது தலையில்லாத நான்கு தாள். பெயர், கதவு எண், குடும்ப அட்டை எண், கையெழுத்து. அவ்வளவுதான். ரேஷன் என்று ஒரு வார்த்தை கிடையாது. உளுந்து என்று ஒரு வார்த்தை கிடையாது.

தர்மராஜ் யோக்கியர். மூன்று நாள் அந்தக் கவரைப் பார்க்கவே இல்லை. சாப்பிடும்போது பார்க்கவில்லை, டி.வி. பார்க்கும்போது பார்க்கவில்லை, அதன் மேல் இருந்த தூசியைத் துடைத்தபோதுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் துடைத்தார். நான்காம் நாள் அம்சவல்லி வேலைக்குப் போன பிறகு, கவர் இருந்த இடத்தில் இல்லை.

டவுனில் திருமால் ஜெராக்ஸ் கடையில் 'குடும்ப அட்டை எண்' என்ற தலைப்பின் மேல் 'வாடிக்கையாளர் எண்' என்று ஒரு துண்டுத் தாளை ஒட்டினார்.

"கஸ்டமர் நம்பரு இத்தினி பெருசாவா இருக்கும்?" என்றார் திருமால்.

"பெரிய கம்பெனி" என்றார் தர்மராஜ்.

கம்மாபுரம் ஆபீஸில் அசல்தான் வேண்டும் என்றார்கள், நெட் விண்ணப்பத்தோடு அசலையே கொடுத்துவிட்டு வந்தார். வரும்போது பஸ்ஸில் எந்த முடிவும் எடுக்கவில்லை. ஜன்னல் ஓரத்து இடம் கிடைத்தும் உட்காராமல் நின்றுகொண்டே வந்தார்.

சாயங்காலம் அம்சவல்லி வந்து செருப்பைக் கழற்றினாள்.

"ஏங்க, தண்ணி வந்துச்சா?"

"நான் டி.வி. ஸ்டாண்டு பக்கமே போவல."

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இந்த ஜில்லாவில் நடந்ததில்லை. அம்சவல்லி அவரைப் பார்த்தாள். டி.வி. ஸ்டாண்டைப் பார்த்தாள். போய் மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள், பின்பக்கம் கை விட்டுத் துழாவினாள். அப்புறம் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"காணங்க."

"எது?"

"மனுத் தாளு. நாலும் காணம்."

"எலியா இருக்கும்" என்றார் தர்மராஜ்.

"கவரோடவா?"

"பெரிய எலி."

அவள் திட்டியிருந்தால் அவருக்கு ஒரு கவளம் சோறாவது இறங்கியிருக்கும். திட்டவில்லை. கொஞ்ச நேரம் தன் இரண்டு பாதங்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு நாள் நடந்த பாதம். "ஞாயித்துக்கெழம லீவுதான். மறுபடி போயி வாங்கிட்டு வரேன்" என்று எழுந்து உலை வைக்கப் போனாள். தர்மராஜுக்கு வெட்கம் காலிலிருந்து தலைக்கு ஏறியது. கல்யாணமான இருபத்தேழு வருஷத்தில் அவர் பொய் சொன்னதுண்டு, சாக்குச் சொன்னதுண்டு, அவளிடம் திருடியதில்லை.

"நானும் வரேன்" என்றார். தன் வாயா அது என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. பங்குனி வெயில். அம்சவல்லி முன்னால், குடையும் பரீட்சை அட்டையும் தூக்கிக்கொண்டு தர்மராஜ் பின்னால். குடை அவளுக்குத்தான் பிடித்தார். அட்டையில் கிளிப் போட்ட புதுத் தாள்கள். முதல் தாளின் மேல்பாதி பின்னால் மடித்துச் செருகியிருந்தது. அந்தத் தாளை நேராகப் பார்க்கிற தைரியம் அவருக்கு இல்லை. பேனாவைத் திறந்து நீட்டுவதும், கையெழுத்தானதும் மூடுவதுமாகத் தலையைக் குனிந்தே நடந்தார்.

ஆச்சரியம் என்னவென்றால் தெருவில் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டாந்தடவை வந்திருக்கிறீர்களே என்று ஒருத்தி முகம் சுளிக்கவில்லை. வீட்டுக்கு வீடு அவருக்கு மோர் கொடுத்தார்கள். கொடுத்துவிட்டு, அவர் குடித்து முடிக்கும் வரை முகத்தையே பார்த்தார்கள். பரிதாபப்படுகிறார்கள் என்று நினைத்தார் தர்மராஜ். அந்தப் பரிதாபம் மோரைவிடப் புளித்தது.

செல்வநாயகி வாசலிலேயே நாற்காலி போட்டுக் காத்திருந்தார்.

"வா தர்மராசு. வெயில்ல கறுத்துட்டியே. ஆமா, நெட்டு நெட்டுன்னு சொன்னியே, அது வந்தா, கம்பி அறுந்துச்சின்னா, எப்ப வருவ?"

குற்றமுள்ள நெஞ்சு. மனைவி பக்கத்தில் நிற்கிறாள். "அன்னிக்கே வருவேன் அக்கா."

"சத்தியமா?"

"நம்ப கோயில் பழமலைநாதர் மேல சத்தியமா."

"கேட்டுக்க அம்சா" என்று செல்வநாயகி கையெழுத்துப் போட்டார். அடுத்த வீட்டிலும் அதே கேள்வி. அதற்கடுத்த வீட்டிலும். சாமிக்கே கூச்சமாகியிருக்கும், அன்றைக்கு ஒரு பகலில் அத்தனை சத்தியம்.

தெருக்கோடியில் கனகா. சூளையில் கட்டை அடுக்குகிறவள். அவளுக்கு எழுதத் தெரிந்தது தன் பெயரில் இருக்கிற மூன்று எழுத்து மட்டும். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு, 'க' போட்டாள். மூச்சு விட்டாள். 'ன' போட்டாள். சுழி இரண்டும் சரியா என்று தள்ளி வைத்துப் பார்த்தாள். 'கா' போட்டு முடிக்க ஐந்து நிமிஷம் ஆயிற்று.

"உனக்குச் சிரமம் கனகா" என்றாள் அம்சவல்லி.

"அதனால என்னாக்கா. போன தடவைக்கு இப்ப எழுத்து நல்லா வந்திருக்குது பாரு."

தர்மராஜ் குடையைச் சாய்த்துத் தன் முகத்தை மறைத்துக்கொண்டார். அந்த மூன்று எழுத்து இருந்த தாளில்தான் அவர் திருமால் கடையில் பசை தடவியிருந்தார். அங்கேயே அவள் காலில் விழுந்து உண்மையைச் சொல்லிவிடலாமா என்று தோன்றியது. தோன்றியதோடு சரி. அவர் அவ்வளவு நல்லவர் இல்லை.

கடைசியாகத் தங்கள் வீட்டு வாசலுக்கு வந்ததும் அம்சவல்லி அட்டையை அவர் பக்கம் திருப்பினாள். "நீங்களும் ஒண்ணு போடுங்க. வூட்டு ஓனராச்சே."

படித்துப் பார்க்கவா தோன்றும்? கேட்ட இடத்தில், கேட்ட வேகத்தில் போட்டார். தலைவலிக்கு மாத்திரை போட்ட மாதிரி மனசு கொஞ்சம் லேசானது.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு அதிகாரி வந்தார். பெயர் பிரபாகரன். சின்ன வயது, கையில் டேப்லெட், முதுகில் பை. விண்ணப்பத்தை நேரில் சரிபார்க்க வந்திருக்கிறார். தர்மராஜ் நீல ரூமில் இளநீர், பிஸ்கட், மின்விசிறி எல்லாம் தயாராக வைத்திருந்தார். அதிகாரி உட்கார்ந்து சாப்பிட்டால் வெயில் ஏறும். வெயில் ஏறினால் தெருவில் இறங்க மாட்டார். இதுதான் திட்டம்.

"அப்பறம் குடிக்கிறேன் சார். மொதல்ல பத்து வீட்டப் பாத்துடலாம்."

"நான் கூட்டிட்டுப் போறேன் சார். மொதல்ல பழமலைன்னு ஒருத்தரு..."

"இல்ல சார். லிஸ்டுல நானே எடுத்துக்கறேன். கதவு எண் பதினாலு, செல்வநாயகி."

அன்றைக்கு என்று பார்த்து அம்சவல்லியும் வேலைக்கு லீவு போட்டிருந்தாள். கேட்டதற்குத் தலைவலி என்றாள். தலைவலிக்காரி செல்வநாயகியின் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள்.

"அம்மா, இது உங்க கையெழுத்தா?"

"ஆமா சார்."

"எதுக்குப் போட்டீங்க?"

தர்மராஜ் கண்ணை மூடிக்கொண்டார். இருபது வருஷ மானம். பேங்கில் உடைத்த டெபாசிட். எல்லாவற்றையும்விட, பத்தடி தூரத்தில் நிற்கிற பெண்டாட்டி.

"நெட்டுக்குத்தான் சார்" என்றார் செல்வநாயகி.

கண்ணைத் திறந்தார். அதிகாரி டிக் போட்டுக்கொண்டிருந்தார். கதவு எண் இருபத்தொன்று: நெட்டுக்குத்தான் சார். முப்பது: நெட்டுக்குத்தான் சார். கனகாகூட, "நெட்டுக்கு" என்றாள், சேலை நுனியை வாயில் வைத்துக்கொண்டு. முதல் இரண்டு வீட்டில் பழமலைநாதர் காப்பாற்றினார் என்று நினைத்தார் தர்மராஜ். ஐந்தாவது வீட்டில் சந்தேகம் வந்தது. சாமி காப்பாற்றினால் இப்படி எல்லார் வாயிலும் ஒரே வார்த்தையை வைக்காது.

பத்தாவது வீட்டில் பிரபாகரன் டேப்லெட்டைத் தாழ்த்தினார். "எல்லாம் சரி சார். இந்த வாடிக்கையாளர் எண்தான் புரியல. பன்னெண்டு இலக்கம். இன்னும் கம்பியே இழுக்கல, அதுக்குள்ள நம்பரா?" விரலால் சுரண்டினார். ஒட்டியிருந்த துண்டு சுருண்டு கையோடு வந்தது. "குடும்ப அட்டை எண்ணா?"

திருடனுக்குத் தேள் கொட்டினால் என்ன செய்வான்? தர்மராஜும் அதைத்தான் செய்தார். சத்தமில்லாமல் நின்றார்.

"நான் சொல்றேங்க சார்" என்று அம்சவல்லி முன்னால் வந்தாள். "தெருவுக்கு ரேஷன் கடை கேட்டோம். நெட்டு இல்லாம மெஷின் ஓடாது, கட்டடமும் இல்லன்னுட்டாங்க. நெட்டு வரணும்னா அறுபது வூடு வேணும். கடைக்கும் அதே அறுபது வூடுதான? அது முன்னாடி எழுதுனது, தப்பும் தவறுமா இருக்கும். இது எல்லாருகிட்டயும் முன்னாடியே படிச்சிக் காட்டி, ஞாயித்துக்கெழம வாங்குனது. இதப் பாருங்க."

பரீட்சை அட்டையை நீட்டினாள். மடித்துச் செருகியிருந்த மேல்பாதியைப் பிரித்துவிட்டிருந்தாள். பிரபாகரன் சத்தமாகவே படித்தார்.

"பீங்கான் நகரில் வசிக்கும் நாங்கள், திரு. தர்மராஜ் அமைக்கும் இன்டர்நெட் இணைப்பை எடுத்துக்கொள்ளச் சம்மதிக்கிறோம். கம்பி அறுந்தால் அன்றைக்கே சரிசெய்வதாக அவர் வீடு வீடாக வந்து சத்தியம் செய்திருக்கிறார். பகுதி நேர ரேஷன் கடைக்குத் தம் வீட்டு முன் ரூமை வாடகை இல்லாமலும், கடை மெஷினுக்கு முதல் இணைப்பைக் கட்டணம் இல்லாமலும் அவர் தருகிறார். இப்படிக்கு..." அதிகாரி நிமிர்ந்தார். "கடைசில வீட்டு உரிமையாளர் கையெழுத்து. உங்களதா சார்?"

பீங்கான் நகர் முழுவதும் அவர் வாயைப் பார்த்தது.

"என்னுதுதான்" என்றார் தர்மராஜ்.

"பொது இடத்துக்கு மொதல் இணைப்புங்கறது எங்க நிபந்தனையிலயே இருக்கு. மத்தவங்ககிட்ட கெஞ்சுவோம். நீங்க கேக்காமலே குடுத்திருக்கீங்க." பிரபாகரனுக்கு உண்மையிலேயே சந்தோஷம். "இதத்தான் ஊரு ஊராக் கூட்டம் போட்டுச் சொல்றோம். வாடிக்கை இருக்குன்னு அரசாங்கம் காட்டிட்டா முதலீடு தானா வரும். இங்க நாங்க வர்றதுக்கு முன்னாடியே யாரோ அந்த வேலையப் பாத்திருக்காங்க."

பெண்கள் எல்லாரும் அம்சவல்லியைப் பார்த்தார்கள். முதலீடு எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அது திருதிருவென்று விழித்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றது.

அதிகாரி இளநீரைக் குடித்து, ஒப்புதல் போட்டுவிட்டுப் போனார். சாயங்காலம் ரேஷன் கடைக்கு இடம் அளக்கிறோம் என்று செல்வநாயகி தலைமையில் நாலு பேர் நீல ரூமுக்குள் வந்தார்கள். அரிசி மூட்டை இந்தப் பக்கம், எண்ணெய் அந்தப் பக்கம் என்று முடிவு செய்தார்கள். பில் போடுகிற பெண்ணுக்குச் சுழல் நாற்காலி வசதியாக இருக்கும் என்று கனகா சொன்னாள். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். போகும்போது ஒவ்வொருத்தியும் தர்மராஜிடம் தனித்தனியாக, "வரேண்ணே" என்று சொல்லிக்கொண்டு போனாள். தெருவில் இறங்கியதும் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அவருக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை அறுபத்திரண்டு வீட்டில் மோர் கொடுத்துவிட்டு ஏன் முகத்தையே பார்த்தார்கள் என்பதும்.

சமையல்கட்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்தார்.

"அம்சா."

"ம்."

"நான்தான் எடுத்தேன்."

"தெரியும்."

"தெருவுக்கும் தெரியுமா?"

"மறுநாளே போயி வூடு வூடாச் சொல்லிட்டேன். அவரு தாளை எடுத்துட்டாரு, நெட்டு வரப்போவுது, கடையும் வரும்னு. பாதி பேரு அந்தாள நம்பியா நெட்டுன்னாங்க. அதுக்குத்தான் உங்கள வெயில்ல கூட்டிட்டுப் போயி வாயாலயே சொல்ல வச்சேன். செல்வநாயகி அக்கா மட்டும், களவாண்ட மூஞ்சி எப்படி இருக்கும்னு பாக்கணும்னாங்க."

"எப்படி இருந்திச்சாம்?"

"பாவமா இருந்திச்சாம்."

தர்மராஜ் துண்டால் முகத்தைத் துடைத்தார். "தப்புதான் அம்சா. ரொம்பத் தப்பு. கனகா கையெழுத்துப் போட்டப்ப செத்துப் போயிடலாம் போல இருந்திச்சி. மூணு நாளு மனசோட மல்லுக்கட்டுனேன் தெரியுமா? அந்தக் கவரத் திரும்பிக்கூடப் பாக்கல. நாலாம் நாளுதான் புத்தி கெட்டுப் போச்சி."

அம்சவல்லி குழம்பை இறக்கி வைத்துவிட்டு அவருக்குத் தட்டுப் போட்டாள்.

"அந்த மூணு நாளும் நானில்ல வேலவுட்டு வந்ததும் வராததுமா, கவரு இன்னும் இருக்குதான்னு பாத்துக்கிட்டிருந்தேன். நீங்க எடுக்கணும்னுதான அத அங்க வச்சேன். எங்க திருந்தித் தொலைச்சிட்டீங்களோன்னு பயந்தே போயிட்டேன்."